பாய்மரத்தை விட்டு இறங்கிய ஆலா

அந்தக் காலத்தில் ஆலா என்னும் கடற்பறவைகள் மணலில் முட்டையிட்டதில்லை. கடலில் போகும் தோணிகளின் பாய்மர உச்சியில், பனையோலைக் கூடையான கடகத்துக்குள் முட்டையிட்டன. அப்போது அவற்றுக்குப் பேச்சும் இருந்தது. மனிதர்கள் பேசும் அதே பேச்சு.

தோணிக்கு ஓர் ஆலா என்று கணக்கு. உயரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துச் சொல்வது அதன் வேலை. அதற்கு இருக்க இடம் கொடுப்பது தோணிக்காரர்களின் கடமை. அந்தக் கடகத்தைத் தோணியின் தலைவனான தண்டேல்தான் தன் கையால் பின்ன வேண்டும், தானே மரத்தில் ஏறிக் கட்ட வேண்டும். வேறு யார் கட்டினாலும் ஆலா அதில் கால் வைக்காது. உன் பிள்ளையும் என் உயிரும் இனி ஒரே மரத்தில் என்பதுதான் அந்தக் கட்டுக்கு அர்த்தம்.

சேந்தன் என்ற தண்டேலின் தோணியில் கூரி என்றோர் ஆலா இருந்தது. ஆறு வருடமாக அந்த மரத்தில்தான் இருந்தது. ஆறு வருடத்தில் அதற்கு ஒரு முட்டையும் தங்கவில்லை. ஏழாவது வருடம் ஒன்று தங்கியது. ஒரே முட்டை. அதன் தகப்பன் பத்து நாளுக்கு முன் இரை தேடிப் போனவன் திரும்பி வரவில்லை. அதனால் கூரி கடகத்தை விட்டு நகராமல் அடைகாத்தது. தோணியில் சமையல் செய்யும் பண்டாரி பூதன், சோறு வடித்த கையோடு, ஈர்க்கில் நாலு சாளை மீனைக் கோத்து மரத்தின் மேலே அனுப்பிவைப்பான்.

"தின்னு ஆத்தா. பட்டினி கிடந்தா முட்டைக்குச் சூடு எங்கேயிருந்து வரும்?" என்பான்.

அந்தப் பயணத்தில் தோணி நிறைய உப்பு ஏற்றியிருந்தார்கள். கடலுக்கு அக்கரையில் இறக்க வேண்டும். புறப்பட்ட மறுநாள் காலையில் கூரி ஒன்றைக் கவனித்தது. காற்றே இல்லை. ஆனால் கிழக்கே இருந்து அலை வந்தது. நுரையில்லாத, முதுகு பெருத்த, நீளமான அலை. ஓர் அலை தோணியைத் தூக்கி இறக்கியதும் அடுத்தது உடனே வரவில்லை. நிதானமாக வந்தது. அருகில் பிறந்த அலை அவசரப்படும். தொலைவில் பெரிய காற்று ஒன்று தள்ளிவிட்ட அலைதான் இப்படி நிதானமாக வரும். கூரி அண்ணாந்து பார்த்தது. மிக உயரத்தில், கோதிவிட்ட இறகு போன்ற மேகங்கள், எல்லாம் கிழக்கே ஒரே இடத்திலிருந்து விசிறி விரித்தாற்போல் கிளம்பியிருந்தன.

"தண்டேலே! கிழக்கே புயல் இருக்கு. நம்ம பக்கம்தான் வருது. நாளை மறுநாள் காலையில இங்கே இருக்கும்" என்று கூரி மேலேயிருந்து குரல் கொடுத்தது.

சேந்தனுக்கு முகம் சுருங்கியது. பின்தங்குவதென்றால் அவனுக்கு வேம்பு. மற்றத் தோணிகள் எல்லாம் இரண்டு நாள் முன்னதாகவே அக்கரைக்குப் போய்விட்டன. இருந்தாலும் ஆலா சொன்னால் கேட்பது வழக்கம். பக்கத்தில் ஆள் இல்லாத தீவு ஒன்று இருந்தது. முதலில் வடக்கே இருந்துதான் காற்று அடிக்கும் என்று கூரி சொன்னதால், தீவுக்குத் தெற்கே, அதன் மறைவில் தோணியைத் துடுப்புப் போட்டுக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பாயைச் சுருட்டிக் கட்டினார்கள். பாய் தொங்கும் பருமல் கட்டையை இறக்கித் தளத்தோடு இறுக்கினார்கள். உப்பின் மேல் மூன்று அடுக்குப் பாய் விரித்துக் கயிறு போட்டார்கள். தீவின் பக்கமாக, வடக்கே ஒரு நங்கூரம் இறக்கினார்கள்.

"தெற்கேயும் ஒண்ணு போடுங்க. நல்ல தள்ளி, நீளமா கயிறு விட்டு" என்றது கூரி.

"காத்து வராத பக்கம் எதுக்கு நங்கூரம்?" என்று கேட்டான் உலகன். கயிறு இழுப்பதில் கெட்டிக்காரன், வாயிலும் அப்படியே.

"வரும். போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். அப்புறம் காத்திருந்தார்கள்.

அன்று முழுவதும் காற்று வரவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. வெயில் தோலை உரித்தது. மறுநாளும் அப்படியே. தண்டேல் தளத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். மத்தியானம் போல, அக்கரையிலிருந்து திரும்பும் ஒரு தோணி துடுப்புப் போட்டுக்கொண்டு அந்த வழியே வந்தது. அதன் தண்டேல் கைகளை வாயில் குவித்துக் கத்தினான்.

"என்னடே சேந்தா! ஆலாவோட சேர்ந்து நீயும் அடைகாக்கியா?"

அந்தத் தோணியில் ஒரே சிரிப்பு.

"எப்பப் பொரிக்கும்னு சொல்லி அனுப்பு! சீர் கொண்டுவந்து இறக்குறோம்!"

அவர்கள் பொழுது சாய்வதற்குள் கரை சேர்ந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பயமில்லை. கேலி மட்டும் இந்தத் தோணியிலேயே தங்கிவிட்டது. உலகன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். சேந்தன் சிரிக்கவில்லை. மரத்தின் உச்சியை ஒருமுறை பார்த்தான். அந்தப் பார்வை கூரிக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தபோது வடக்கே இருந்து வாடை எழுந்தது. சொன்ன நாள், சொன்ன திசை. முதலில் கயிறுகள் முனகின. பிறகு ஊளையிட்டன. மழை குத்தூசிகளாகப் படுக்கைவாட்டில் வந்தது. தீவு குறுக்கே நின்று பெரிய அலைகளைத் தாங்கிக்கொண்டது. வடக்கு நங்கூரத்தின் கயிறு இரும்புக் கம்பிபோல் விறைத்து நின்று தோணியைப் பிடித்துக்கொண்டது. மேலே பாய்மரம் சுழன்றாடியது. கூரி கடகத்துக்குள் அலகைப் புதைத்து, முட்டையை வயிற்றோடு அணைத்து, காலால் ஓலையைப் பற்றிக்கொண்டு கிடந்தது. ஆறு மனிதர்களும் ஒரு பறவையும் அந்தக் காலைப் பொழுதைக் கழித்த விதம் அதுதான்.

சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் காற்று நின்றது.

தணியவில்லை, நின்றது. கதவைச் சாத்தினாற்போல் நின்றது. மேலே மேகம் வட்டமாக விலகி நீல வானம் தெரிந்தது. வெயில் அடித்தது. எங்கிருந்தோ களைத்த பறவைகள் வந்து தளத்தில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கொக்கு, தகைவிலான், பெயர் தெரியாத காட்டுக் குருவிகள். மனிதர் கால் பட்டாலும் நகர முடியாமல் உட்கார்ந்திருந்தன.

"பார்த்தீங்களா, பறவையெல்லாம் வெளியே வந்தாச்சு! முடிஞ்சுது!" என்று உலகன் துள்ளினான்.

கூரி ஒரு தகைவிலானிடம் கேட்டது. "எங்கேயிருந்து வாறே?"

"எங்கேயிருந்தும் வரலை. உள்ளே மாட்டிக்கிட்டோம். சுத்திலும் சுவர். வெளியே போக வழியில்லை" என்றது அது.

கூரி நான்கு திசையும் பார்த்தது. தகைவிலான் சொன்னது உண்மைதான். தொலைவில், வட்டமாக, கருத்த மேகச் சுவர். கிழக்குப் பக்கத்துச் சுவர் நெருங்கிக்கொண்டிருந்தது.

"தண்டேலே! தெற்கு நங்கூரத்துக் கயித்தைப் பிடிச்சு இழுங்க. தோணியைத் தீவை விட்டுத் தெற்கே கொண்டுபோய் நிறுத்துங்க. நேரம் கொஞ்சம்தான் இருக்கு!"

"எதுக்கு?" என்றான் சேந்தன்.

"பாதிப் புயல்தான் போயிருக்கு. மீதி வரும்போது காத்து திசை மாறித் தெற்கே இருந்து அடிக்கும். இதுவரைக்கும் தீவு நமக்குச் சுவரா இருந்துச்சு. இனிமே அதுதான் நம்மை உடைக்கிற பாறை."

"புயல் என்ன பனங்காயா, பாதி பாதியா வெட்டி வைக்க?" என்றான் உலகன். களைப்பும் நிம்மதியும் கலந்து எல்லோரும் சிரித்தார்கள். பூதன் மட்டும் சிரிக்கவில்லை.

சேந்தன் பாய்மரத்தின் அடியில் வந்து நின்றான்.

"கூரி, முட்டை பொரிக்க இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"நாலு நாள். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"நாலு நாள்! கேட்டீங்களாடே? தோணி ஓடினா மரம் ஆடும். மரம் ஆடினா முட்டை உருளும். தோணி நின்னா முட்டைக்கு நல்லது. முதல்ல ரெண்டு நாள் உட்கார வெச்சா. இப்ப மீதிப் புயல்ங்கிறா."

கூரிக்கு முதலில் அது விளங்கவில்லை. விளங்கியபோது இறகெல்லாம் சிலிர்த்து நின்றது.

"நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா? காலையில அடிச்ச காத்து பொய்யா?"

"அது மெய். அதைச் சொல்லி இதையும் நம்ப வைக்கலாம்னு பார்க்கிறே."

"ஆறு வருசமா இந்த மரத்துல இருக்கேன். ஒரு பொய் சொல்லியிருக்கேனா?"

"ஆறு வருசமா உனக்கு முட்டை இல்லியே" என்றான் சேந்தன்.

தளத்தில் யாரும் சிரிக்கவில்லை. அது சிரிக்கிற பேச்சல்ல என்று உலகனுக்குக்கூடத் தெரிந்தது. ஆனால் சேந்தனின் காதில் துடுப்புத் தோணிக்காரர்களின் சிரிப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினான். மரத்தைப் பிடித்து ஏறினான். தன் கையால் கட்டிய கடகத்தைத் தன் கையாலேயே அவிழ்த்தான்.

கூரி கத்திக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே பாய்ந்தது. பாயும்போதெல்லாம் அவன் தலையைச் சாய்த்தான், கடகமும் சாய்ந்தது, உள்ளே முட்டை உருளும் சத்தம் கேட்டது. அதற்குமேல் அதனால் பாய முடியவில்லை. கூடவே பறந்து இறங்கியது.

சேந்தன் கடகத்தை மரத்தடியில் வைத்தான். அதன் இருபுறமும் காலை ஊன்றி நின்றுகொண்டான்.

"இப்பச் சொல்லு. மீதிப் புயல் வருமா, வராதா? வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, இந்த நிமிசமே மேலே கொண்டுபோய்க் கட்டிடுறேன்."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓலை இடுக்கு வழியே முட்டையின் புள்ளிகள் தெரிந்தன. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் முட்டை திரும்பக் கிடைத்துவிடும்.

"வரும்" என்றது கூரி.

"பிடிவாதத்தைப் பாரு! தெற்கு நங்கூரத்தைத் தூக்குங்கடே! பருமலை ஏத்துங்க!"

"தண்டேலே, அந்த நங்கூரத்தை மட்டும் விட்டுருங்க. கிடந்துட்டுப் போகட்டும்" என்றான் பூதன்.

"நீ போய் உலையைப் பாரு."

பூதன் உலையைப் பார்க்கப் போகவில்லை. கடகத்தை எடுத்துக்கொண்டு போய், அடுப்புப் பெட்டிக்கும் அரிசிச் சாக்குக்கும் நடுவே ஆடாமல் பொருத்தினான். கூரி உள்ளே புகுந்து முட்டையின் மேல் உட்கார்ந்தது.

தெற்கு நங்கூரம் சேறு சொட்டச் சொட்டத் தளத்துக்கு வந்தது. பருமல் பாதி உயரம் ஏறியிருந்தது. அப்போது ஆயிரம் உரல்களில் ஒரே நேரத்தில் உலக்கை போட்டாற்போல் கிழக்கே இரைச்சல் கேட்டது. தளத்தில் கிடந்த பறவைகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. சேந்தன் திரும்பிப் பார்த்தான். நீல வானத்தைக் கருப்பு விழுங்கிக்கொண்டு வந்தது.

காற்று தெற்கே இருந்து வந்து தோணியின் பக்கவாட்டில் அறைந்தது. வடக்கு நங்கூரத்தின் கயிறு தொய்ந்து தோணியின் அடியில் போயிற்று. இனி அது எதையும் பிடிக்காது. பாதி ஏறிய பருமல் முறிந்து விழுந்தது. தீவின் பாறைத் திட்டு அவர்களை நோக்கி ஓடி வந்தது. உண்மையில் அவர்கள்தான் அதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது அலையில் தோணி பாறையில் ஏறியது. மூன்றாவதில் பிளந்தது. உப்பு வெள்ளையாகக் கடலில் கொட்டிக் கரைந்தது.

பூதன் கடகத்தைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நடந்தான். கூரி காற்றில் புரண்டு புரண்டு அவன் கூடவே வந்தது. கரை ஏறி, தாழம்புதர் ஒன்றின் அடியில் கடகத்தை மணலில் பாதி புதைத்து வைத்தான்.

"பார்த்துக்கோ ஆத்தா. உலகன் கயித்துல மாட்டிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினான்.

கொஞ்ச நேரம் கழித்து உலகன் தவழ்ந்து கரையேறினான். பூதன் வரவில்லை.

காற்று கடகத்தை ஓலை ஓலையாகப் பிய்த்துக்கொண்டு போயிற்று. கடைசியில் ஓலை எதுவும் மிச்சமில்லை. மணலில் ஒரு சிறு குழி, குழியில் ஒரு முட்டை. கூரி காற்றுக்கு நேரே முகம் வைத்து அதன் மேல் உட்கார்ந்தது. பறந்து வந்த மணல் கண்ணில் அடித்தது. எழுந்திருக்கவில்லை. பொழுது அடையும் வரை புயல் அதைத் தூக்கப் பார்த்தது. பிறகு அலுத்துப்போய் மேற்கே கரையை நோக்கிப் போய்விட்டது.

நாலாம் நாள் முட்டை பொரிந்தது. குஞ்சு மணல் நிறத்தில் இருந்தது. அசையாமல் கிடந்தால் அது குஞ்சா மணலா என்று தெரியவில்லை.

அன்று மாலை சேந்தன் வந்தான். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. கையில் ஒரு கடகம். அந்த நாலு நாளும் பட்டினியோடு உட்கார்ந்து, தாழை ஓலையைக் கிழித்துப் பின்னியிருந்தான். முள் கிழித்த விரல்களில் ரத்தம் காய்ந்திருந்தது.

"கூரி, தப்பு என்மேலதான். யாராவது வந்து நம்மைக் கூட்டிட்டுப் போவாங்க. வேற தோணி கட்டுவேன். இதை மரத்து உச்சியில கட்டுறேன். நீ வரணும்."

"அந்தத் தோணியில யாரு சோறு வடிப்பா?" என்று கேட்டது கூரி.

சேந்தன் கையிலிருந்த கடகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சொல்லு. பூதன் எங்கே?"

"கடல்ல."

"ஏன் கடல்ல இருக்கான்?"

சேந்தன் கீழே பார்த்தான். குஞ்சு வாயைத் திறந்து கத்தியது. அதைக் காட்டி, "பிள்ளை பிழைச்சிருச்சே கூரி, இன்னும் கோபம் தீரலையா?" என்றான் மெல்ல.

"பிள்ளைக்காக வந்த கோபம்னா நினைச்சே? பிள்ளை செத்திருந்தா அழுதிருப்பேன், அழுது முடிச்சிருப்பேன். நான் கண்ணால பார்த்ததைச் சொன்னேன். நீ அதைப் பொய்னு சொன்னே. என் பிள்ளையைக் காலுக்கு நடுவே வெச்சுக்கிட்டு, பொய் சொன்னாத் திருப்பித் தாறேன்னு சொன்னே. நான் மெய்யைச் சொன்னேன். நீ நங்கூரத்தைத் தூக்கினே. என் வார்த்தைக்கு உங்ககிட்ட அவ்வளவுதான் மதிப்புன்னா, இனிமே அந்த வார்த்தை உங்களுக்குக் கிடையாது. எனக்கு உங்க மரமும் வேண்டாம், உங்க கடகமும் வேண்டாம். புயல் எப்ப வரும்னு நீங்களே பார்த்துக்கோங்க."

மனிதர்களிடம் கூரி பேசிய கடைசிப் பேச்சு அது.

சேந்தன் என்ன நினைத்தானோ, கடகத்தைக் குஞ்சின் அருகே வைக்கலாம் என்று ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தான். கூரி செங்குத்தாக எழுந்து, அவன் உச்சந்தலையைக் குறிவைத்து விழுந்தது. ரத்தம் கண்ணில் வழிந்தது. அவன் கையை உயர்த்தினான். மறுபடி விழுந்தது. வாய் திறந்து அது கத்தியதில் ஒரு சொல்லும் இல்லை. வெறும் கிறீச்சிட்ட கத்தல்தான். அவன் கடகத்தைப் போட்டுவிட்டு ஓடினான். தண்ணீர் ஓரம் வரை துரத்திக்கொண்டே போயிற்று.

குஞ்சுக்குச் சிறகு முளைத்ததும் கூரி கடல் முழுதும் பறந்தது. எந்தத் தோணியின் மரத்தில் ஆலா இருந்தாலும் அதனருகே போய் நடந்ததைச் சொன்னது. ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஓர் ஆலா எழுந்தது. தண்டேல்கள் அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டார்கள், கெஞ்சினார்கள், புதுக் கடகம் பின்னி மீனை நிறைத்துக் கட்டினார்கள். ஒன்றுகூடத் திரும்பவில்லை. கடகங்கள் வெயிலில் காய்ந்து உதிர்ந்தன.

அன்று தொடங்கியதுதான் இதெல்லாம். ஆலா கூடு கட்டுவதில்லை. ஆள் நடமாட்டமில்லாத வெறும் மணலில் முட்டையிடுகிறது. யார் அருகே போனாலும் தலையைக் குறிவைத்துப் பாய்கிறது. தோணியைக் கண்டால் மேலே வந்து வட்டமிட்டுத் திட்டுகிறதே தவிர, புயல் எங்கே இருக்கிறது என்று ஒரு சொல் சொல்வதில்லை. கடலோடிகள் அலையின் நிதானத்தையும் மேகத்தின் விசிறியையும் தாங்களே பார்த்து அறிந்து, காற்று வராத பக்கத்திலும் ஒரு நங்கூரம் போட்டுவிட்டு, அடித்த காற்று திடீரென்று நின்றால் அதை நம்பாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.